ஊருக்குள்ள

சாதியை ஒழித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மேடைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. சட்டம் போட்டு, அரசிதழில் அச்சடித்து, பட்டாசு வெடித்து ஒழித்தார்கள். சாதிச் சான்றிதழ் என்ற காகிதம் இப்போது எந்த அலுவலகத்திலும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சாதி கேட்கக் கூடாது, வேலைக்குச் சேரும்போது கேட்கக் கூடாது. அரசு அலுவலகத்துக்குள் ஒருவர் தன் சாதியைத் தானே வாய்விட்டுச் சொன்னால்கூட வேலை போகும், கம்பி எண்ண வேண்டியிருக்கும். இல்லாத சாதிக்கு இடஒதுக்கீடு எதற்கு என்று அதையும் சேர்த்து மூட்டை கட்டிவிட்டார்கள். ஆக, சாதி போய்விட்டது. சாதிக்காரர்கள் மட்டும் அவரவர் தெருவில் இருந்தபடியே இருந்தார்கள்.

மருத்துவக் கல்லூரியில் சேர எழுத்துத் தேர்வுக்குப் பாதி மதிப்பெண், நேர்முகத்துக்குப் பாதி. நேர்முகம் நடத்துவது மனிதர் இல்லை. மனிதர் என்றால் முகம் பார்ப்பார், பேர் பார்ப்பார், அப்பா என்ன செய்கிறார் என்று நைசாகக் கேட்பார். அதனால் 'நடுவர்' என்றொரு இயந்திரத்தை வைத்தார்கள். அதற்கு முன்னால் 'திரை' என்று இன்னொன்று. பிள்ளை ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து பேசும். அந்தப் பேச்சைத் திரை வாங்கி, எல்லோருக்கும் பொதுவான ஒரே குரலில் நடுவருக்குக் கொடுக்கும். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா என்று சொல்ல முடியாத, ஆறிப்போன வெந்நீர் மாதிரியான குரல். ஆள் பேர், ஊர்ப் பேர், சாமி பேர், சாதிப் பேர் வந்தால் திரை அதை வெட்டிவிடும். அந்த இடத்தில் ஒரு கணம் சத்தமே இருக்காது. பிள்ளைகள் அதற்கு 'முழுங்கல்' என்று பேர் வைத்திருந்தார்கள். "எனக்கு மூணு முழுங்கல் விழுந்திருச்சுடா" என்று வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

யசோதரா அந்தச் சேர்க்கை ஆணையத்தில் மேல்முறையீட்டுப் பிரிவு அதிகாரி. நேர்முகத்தில் தோற்றவர்கள் புகார் கொடுத்தால், அவர்கள் பேசிய பதிவைக் கேட்டுவிட்டு 'தவறேதும் இல்லை' என்று எழுத வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் எழுதினாள். அலுவலகத்தில் அவளை யசோதா மேடம் என்பார்கள். யசோதரா என்ற பேரைக் கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் புத்தரிடம் போய், அங்கிருந்து அம்பேத்கரிடம் போய், அங்கிருந்து நேராக அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். ஒரு எழுத்தைக் கழற்றிவிட்டதும் கிருஷ்ணனுக்கு அம்மாவாகிவிட்டாள். அது வசதியாகவும் இருந்தது.

அந்த வருட முடிவு வந்த அன்று தம்பி அசோகன் கூப்பிட்டான். சூரிய மின்தகடு பொருத்தும் வேலை அவனுக்கு. அவன் மகள் விசாகா மருத்துவத்துக்கு எழுதியிருந்தாள். எப்போதும் கத்தித்தான் பேசுவான், அன்றைக்குச் சத்தமே எழும்பவில்லை.

"அக்கா, விசாகாவுக்கு இந்தத் தடவையும் போயிருச்சு. எழுத்துல மாவட்டத்துலயே மூணாவது. நேர்முகத்துல கவுத்துட்டாங்க."

"யாரு கவுக்குறது அசோகா? அது மிசினு."

"மிசினோ மனுசனோ. ரெண்டு தடவதான் விடுவாங்களாம். இனிமே எழுத முடியாதாம். புள்ள சாப்பிட மாட்டேங்குது."

அப்பீல் போடச் சொன்னாள். வேறு என்ன சொல்வது? சொந்தக்காரர்களின் பதிவை அதிகாரி தொடக் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் பேரும் இல்லாமல் குரலும் இல்லாமல் வரிசையாக வரும் பதிவுகளில் எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் ஒரு மத்தியானம், டீயை வைத்துக்கொண்டு ஒரு பதிவைப் போட்டாள். ஆறிய வெந்நீர்க் குரல் பேச ஆரம்பித்தது.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். பேரு..." முழுங்கல். "பொழுது சாயற நேரத்துல அவனப் பாம்பு கடிச்சிருச்சு. அப்பா தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள ஓடுனாரு. ஆஸ்பத்திரி வண்டி ஊருக்குள்ளதான் நிக்கும். டிரைவர் இல்லாம தானா ஓடுற வண்டி. ஆனா கதவு தொறக்கணும்னா அங்க குடியிருக்கிறவங்க யாராவது விரல் வைக்கணும். எங்க விரல வச்சா தொறக்காது, எங்களப் பதிவு பண்ணல. அப்பா ஒவ்வொரு வாசலா நின்னு கூப்பிட்டாரு. எல்லா வீட்டுலயும் லைட்டு எரிஞ்சிச்சு. யாரும் வெளிய வரல."

யசோதரா டீயைக் கீழே வைத்தாள். ராகுலன். விசாகாவின் தம்பி. அவன் பேரைத்தான் திரை முழுங்கியிருக்கிறது. அவள் மடியில் வைத்துக் காது குத்திய பிள்ளை. நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. கடைசி வரை கேட்டாள். 'அன்னிக்கு ஒரு டாக்டர் எங்க தெருவுலயே இருந்திருந்தா' என்று அந்தக் குரல் சொல்லி முடித்தது. கீழே நடுவரின் குறிப்பு இருந்தது. நூற்றுக்கு முப்பத்தெட்டு. சூழலோடு ஒட்டாத தன்மை. நோயாளிகளின் நம்பிக்கையைப் பெறுவது கடினம்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வேறொன்று உறைத்தது. இந்தப் பதிவில் பேர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை, குரல்கூட இல்லை. ஆனால் பேசுவது தங்கள் ஆள் என்று அவளுக்கு எப்போது தெரிந்தது? பாம்பு கடித்ததைச் சொன்னபோது இல்லை. அது எங்கேயும் கடிக்கும். 'ஊருக்குள்ள ஓடுனாரு' என்றதும் தெரிந்துவிட்டது.

ஊரில் இருப்பவன் 'எங்க ஊர்ல' என்பான். ஊரை விட்டுப் போவான், ஊருக்கு வருவான். ஊருக்குள்ளேயே இருப்பவனுக்கு ஊருக்குள்ளே போகிற வேலை இல்லை. உப்பு வாங்கவும், தீப்பெட்டி வாங்கவும், யாராவது செத்தால் சொல்லவும் ஊருக்குள்ள போகிறவர்கள் காலனிக்காரர்கள். அவர்களுக்கு ஊர் என்பது தாங்கள் இருக்கும் இடம் இல்லை, போய்வருகிற இடம். அவள் அப்படித்தான் பேசி வளர்ந்தாள். கல்லூரி விடுதியில் ஒரு நாள் அந்தச் சொல் வாயில் வந்ததும் பக்கத்துக் கட்டில் பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் யசோதரா பல்லைக் கடித்துக்கொண்டு 'எங்க ஊர்ல' என்று சொல்லப் பழகினாள். தனக்குத் தெரிகிறது, அந்தக் கட்டில்காரிக்கும் தெரிந்தது. லட்சம் பேர் பேச்சைக் கேட்ட இயந்திரத்துக்கு மட்டும் தெரியாதா என்ன?

அன்று சாயங்காலம் வரை வேறு வேலையே பார்க்காமல் பதிவுகளைப் புரட்டினாள். அந்தச் சொல் வந்த இடமெல்லாம் தேர்வில் முந்தியவர்கள் நேர்முகத்தில் மண்ணைக் கவ்வியிருந்தார்கள்.

மறுநாள் கிரிதரனைத் தேடிப் போனாள். திரையையும் நடுவரையும் பராமரிக்கும் பொறியாளர். இருபத்தாறு வயதுப் பையன், நல்ல பையன், யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்பான். சாதி பார்க்கத் தெரியாத பையன். பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

"ஊருன்னா ஊருதானே மேடம்?" என்றான். "எங்க தாத்தாகூட ஊருக்குப் போறேம்பார்."

"ஊருக்குப் போறது வேற. ஊருக்குள்ள போறது வேற."

"வயல்ல வீடு கட்டிக்கிட்டுத் தனியா இருக்கிறவங்களும் அப்படிச் சொல்வாங்களே?"

"சொல்வாங்க. ஆனா அவங்க போனா கதவு தொறக்கும்."

அவன் தலையைச் சொறிந்தான். புரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் வெட்கம். "சரி, சோதிச்சிப் பாத்துரலாம். ஒரு வார்த்தைய மட்டும் மாத்திப் போடுறேன். ஊருன்னு வர்ற இடத்துல டவுனுன்னு வைக்கிறேன். மத்ததெல்லாம் அப்படியே."

அதே பதிவு மறுபடி ஓடியது. அப்பா தூக்கிக்கிட்டு டவுனுக்குள்ள ஓடுனாரு. ஆஸ்பத்திரி வண்டி டவுனுக்குள்ளதான் நிக்கும். நடுவர் யோசிக்கக்கூட இல்லை. எழுபத்து நான்கு. தெளிவான பேச்சு, சேவை மனப்பான்மை.

கிரிதரன் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். இன்னொரு பதிவைப் போட்டார்கள், இன்னொன்றையும் போட்டார்கள். எல்லாம் அப்படியே எகிறியது.

"யாரு சொல்லிக் குடுத்தா இதுக்கு?" என்று யசோதரா கேட்டாள்.

"யாரும் சொல்லித் தரல மேடம். சத்தியமா. நோயாளிங்க டாக்டருக்கு நட்சத்திரம் குடுக்கிறாங்கல்ல, அதுல நெறைய வாங்குன டாக்டருங்க எப்படிப் பேசுறாங்கன்னு கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டது. அப்படி வாங்குனவங்க யாரும் இந்த மாதிரிப் பேசல போல."

"நட்சத்திரம் குடுத்தது யாரு?"

"ஜனங்கதான்."

பிறகு அவன் கேட்டான், கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று தெரியாமலே. "இது உங்களுக்கு எப்படி மேடம் தோணுச்சு?"

"எங்கயோ படிச்சேன்" என்றாள். பொய் வாயில் தயாராக இருந்தது. இத்தனை வருடமாக இருந்தது.

கிரிதரனுக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. தவறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பொறியாளர்களுக்குப் பசி தூக்கம் கிடையாது. "இந்த வார்த்தையையும் சேத்து வெட்டிரலாம், ஆனா முழுங்கல்தான் மேடம் தப்பு. வெட்டுனா, வெட்டுன எடமே காட்டிக் குடுக்குது. வெட்டாம மாத்தி வைக்கணும். ஒரு வார்த்தைய மாத்துனா முன்னபின்ன வாக்கியம் இடிக்கும், அதையும் அதுவே ஒட்டுற மாதிரி சரி பண்ணிக்கணும். தையல் போட்டதே தெரியக் கூடாது. இனிமே எந்தப் புள்ளைக்கும் இந்தக் கஷ்டம் வராது."

"இந்த வருசம் போன புள்ளைங்க?"

அதற்கான பதில் ஆணையரிடம் இருந்தது. ஆணையர் அறிக்கையைப் படித்துவிட்டு யசோதராவைப் பாராட்டினார். திருத்தத்துக்கு உடனே அனுமதியும் கொடுத்தார். ஆனால் வந்த முடிவு வந்ததுதான். மாற்ற வேண்டுமென்றால் மேல் அமர்வு சொல்ல வேண்டும். மூன்று நீதியரசர்கள். அந்தச் சொல்லால் குறிப்பிட்ட மக்களுக்கு அநியாயம் நடந்தது என்று யாராவது அங்கே நிரூபிக்க வேண்டும்.

"எந்த மக்களுக்குன்னு சொல்லாம எப்படி சார் நிரூபிக்கிறது?"

ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுதானேம்மா சிக்கல். சட்டப்படி அப்படி ஒரு மக்களே இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை அசோகனும் விசாகாவும் மேடவாக்கத்தில் அவள் வீட்டுக்கு வந்தார்கள். விசாகா இளைத்துப் போயிருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. யசோதரா அந்தச் சொல்லைப் பற்றியும் மேல் அமர்வைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ஒருவேளை அழுவாள் என்று நினைத்தாள். சிரித்தாள்.

"ஒரு வார்த்தையா அத்தை? நான் என்னமோ எனக்குப் பேசத் தெரியலன்னு நெனச்சேன். கண்ணாடி முன்னாடி நின்னு எத்தன நாள் பேசிப் பாத்திருக்கேன் தெரியுமா?"

"அந்தக் கதையச் சொல்லாதன்னு நான்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றான் அசோகன். "வேற எதாவது சொல்லியிருந்தா..."

"வேற எதுக்குப்பா நான் டாக்டராவணும்? அதுக்காகத்தான ஆவணும்ங்கறேன்."

அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினான். ராகுலனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் எழுந்துவிடுவான்.

விசாகா யசோதராவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அமர்வுல யாரு பேசுவா?"

"யாராவது சாட்சி சொல்லணும். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், யாரு அப்படிப் பேசுவாங்கன்னு."

"நான் சொன்னா?"

"நீ புகார் குடுத்தவ. உன் பேச்சு எடுபடாது. புகார் குடுக்காத வேற யாராவதுதான் சொல்லணும்."

"அப்ப நீ இருக்கியே அத்தை."

யசோதரா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அசோகன்தான் அங்கிருந்தே கத்தினான். "என்ன பேசுற நீ? அத்தைக்கு வேல போயிரும். ஜெயில்ல வச்சிருவாங்க."

"தெரியும்பா. ஆனா யாருமே சொல்லலன்னா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு ஆயிரும்ல? தம்பி விசயத்துலயும் அப்படித்தான ஆச்சு? வண்டி பழுதுன்னு எழுதி முடிச்சாங்க." அவள் குரல் உடைந்தது. "சீட்டு கெடச்சா சந்தோசம். கெடைக்கலன்னாகூட, அந்த எடத்துல, அவங்க காதுல விழற மாதிரி, ஒருத்தர் வாயால சொல்லிக் கேட்டாப் போதும் அத்தை. நீ சொல்லுவியா?"

அந்தப் பெண்ணுக்கு அத்தையைப் பற்றித் தெரியாததில்லை. அலுவலகத்தில் யசோதா மேடம் என்று கூப்பிடுவதும், அலுவலகத்து ஆட்கள் வரும் நாளில் கூடத்துச் சுவரில் அம்பேத்கர் படம் இருக்காது என்பதும் தெரியும். அதனால்தான் 'சொல்லு' என்று சொல்லாமல் 'சொல்லுவியா' என்று கேட்டாள். அந்த வித்தியாசம் யசோதராவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"சொல்றேன்" என்றாள். "போனாப் போகட்டும் வேல. சொல்றேன்டி."

விசாகா அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாள்.

அமர்வு நடந்த நாளில் தாழ்வாரம் நிறையப் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை வெளிப்படையாக நடக்கிறது என்று காட்டுவதற்காக, உள்ளே பேசுவது தாழ்வாரத்து ஒலிபெருக்கியில் கேட்கும்படி வைத்திருந்தார்கள். அசோகனையும் விசாகாவையும் அங்கே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு யசோதரா உள்ளே போனாள். பயமாகத்தான் இருந்தது. அதை அவள் தன்னிடம்கூட மறைக்கவில்லை.

அதிகாரிகள் நீதியரசர்களுக்கு முன்னால் நின்று நேராகப் பேசலாம். அதை நம்பித்தான் வந்திருந்தாள். பேரைக் கூப்பிட்ட ஊழியர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க புகார்தாரருக்குச் சொந்தம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க மேடம். அப்ப அதிகாரி இல்ல, சாட்சி. சாட்சின்னா கூண்டுதான். நீதியரசருங்க ஆளப் பாத்து முடிவு பண்ணக் கூடாதுல்ல."

கூண்டு என்றால் திரை. திருத்திய திரை அடுத்த வருடச் சேர்க்கைக்குத்தான் வரும் என்பது அவள் கணக்கு. அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, பரவாயில்லை என்று முடிவெடுத்தாள். முழுங்கல் விழட்டும். வரிக்கு வரி விழட்டும். ஒரு பொம்பளை பேசப் பேசப் பாதிப் பேச்சு காணாமல் போகிறதென்றால், அங்கே என்ன இருந்தது என்று குழந்தைக்குக்கூடப் புரியும். நாட்டில் எல்லோருக்கும் தெரியும் முழுங்கல் என்றால் என்னவென்று. இவர்கள் முழுங்கியதை எண்ணிப் பார்த்தாலே தீர்ப்பு எழுதிவிடலாம்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் மூன்று நீதியரசர்களும் மங்கலாகத் தெரிந்தார்கள். தன் பேச்சு வெளியே எப்படிக் கேட்கிறது என்று கூண்டுக்குள் கேட்காது. விளக்கு எரிந்தது.

"என் பேரு யசோதரா. யசோதா இல்ல. நான் காலனியில பொறந்தவ. நாங்க பறையருங்க. இந்தப் பேர இங்க சொன்னாக் குத்தம்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் சொல்றேன். எங்களுக்கு ஊருக்குள்ள வீடு கெடையாது. எங்க பாட்டன் பூட்டன் யாருக்கும் கெடையாது. கட வச்சிருக்கிறது ஊருக்குள்ள, பள்ளிக்கூடம் ஊருக்குள்ள, ஆஸ்பத்திரி வண்டி ஊருக்குள்ள. நாங்க அங்க போய்ட்டு வர்றவங்க. என் தம்பி மகனப் பாம்பு கடிச்சு, வண்டி கண்ணு முன்னாடி நின்னுச்சு. தொறக்க ஒரு விரல் வேணும். ஒரே ஒரு விரல். யாரும் வரல. புள்ள என் தம்பி தோள்லயே செத்துப்போச்சு. அத வந்து அந்தப் பொண்ணு உங்க மிசின்கிட்டச் சொன்னா. ஊருக்குள்ள ஓடுனோம்னு சொன்னா. அந்த ஒரு வார்த்தையக் கேட்டதும் இவ யாருன்னு உங்க மிசினுக்குத் தெரிஞ்சுபோச்சு. எழுதி வச்ச சாதியத்தான் நீங்க அழிச்சீங்க, எங்க வாயில இருக்கிறத அழிக்க முடியாது. நாங்க இருக்கோம். இல்லன்னு சொல்லாதீங்க."

இவ்வளவு வருடமாகப் பூட்டி வைத்திருந்த பேச்சு. காலனியில் எப்படிப் பேசுவாளோ அப்படியே வந்தது, ஒரு எழுத்தும் மெருகு போடாமல். அழுதுகொண்டே பேசினாள். முடித்தபோது உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போல இருந்தது. வேலை போனாலும் சரி, இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று தோன்றியது. இவ்வளவு நிம்மதியாக அவள் எப்போது கடைசியாக மூச்சு விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் நடுவில் இருந்த நீதியரசர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கோபமும் இல்லை. நல்ல சொற்பொழிவு கேட்டவர் போலத் தலையசைத்தார். தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. சாட்சி தன் கிராமத்தைப் பற்றியும், குடும்பத்தில் நேர்ந்த துயரத்தைப் பற்றியும் உருக்கமாகப் பேசினார். அமர்வு அனுதாபம் தெரிவிக்கிறது. ஆனால் குறிப்பிட்ட எவருக்கும் பாரபட்சம் காட்டப்பட்டதாக அவர் எதையும் சொல்லவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி.

யசோதராவுக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. கூண்டை விட்டு வெளியே வந்தபோது கிரிதரன் பின்கட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தான். அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"மேடம், எனக்குக் கை காலெல்லாம் ஒதறிருச்சு. கட்டுப்பாட்டு அறையில அசல் குரல் எனக்கு மட்டும் கேக்கும். நீங்க பாட்டுக்கு அப்படிப் பேசிட்டீங்க!"

"அவங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

அவன் கைக்கணினியை நீட்டினான். அமர்வின் அதிகாரபூர்வப் பதிவு. அவள் படித்தாள். நான் கிராமத்துல பொறந்தவ. நாங்க விவசாயக் குடும்பம், அதச் சொல்லிக்கிறதுல எனக்குப் பெருமதான். எங்களுக்கு டவுனுக்குள்ள வீடு கெடையாது. கட, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வண்டி எல்லாம் டவுனுக்குள்ள. நாங்க போய்ட்டு வர்றவங்க. வண்டி பழுதாகி நின்னுச்சு. கதை நீரோட்டமாகப் போனது. எங்கேயும் இடறவில்லை. ஒரு முழுங்கல்கூட இல்லை.

"புதுத் திரை மேடம்" என்றான் கிரிதரன் மெதுவாக. "நீங்க சொல்லித்தான் செஞ்சோமே, தையல் தெரியாம. போன வாரம்தான் எல்லா அறையிலயும் மாட்டுனோம். நல்லாத்தான் வேல செய்யுது."

"அசல் குரல் இருக்குல்ல? அத எடுத்துக்கிட்டு வா. இப்பவே உள்ள போவோம். அவங்க கேக்கட்டும்."

கிரிதரன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பயந்துபோன ஒருவருக்கு நல்ல சேதி சொல்லும் சிரிப்பு. "அழிச்சிட்டேன் மேடம். நீங்க பேசி முடிச்ச உடனே. யாராவது கேட்டிருந்தா உங்க மேல கேஸ் போட்டிருப்பாங்க. இனிமே உங்க மேல ஒரு தூசு படாது. நான் ஜென்மத்துக்கும் வாயத் தொறக்க மாட்டேன். உங்களுக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் கண்ணில் துளி கெட்ட எண்ணம் இல்லை. தன் வேலையையே பணயம் வைத்து அவளைக் காப்பாற்றியிருக்கிறான். தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

தாழ்வாரத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அசோகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். விசாகா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யசோதரா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"சொன்னேன்டி" என்றாள். "எல்லாத்தையும் சொன்னேன். பேரோட சொன்னேன்."

விசாகா ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள். "கேட்டுக்கிட்டுதான் அத்தை இருந்தேன். ஒரு முழுங்கல்கூட விழலியே."

"புதுசா மாத்திட்டாங்க விசாகா. வெட்டாம மாத்தி வைக்குது. அந்தக் கிரிதரன்கிட்ட வேணா கேளு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். கிரிதரன் ஜென்மத்துக்கும் வாயைத் திறக்க மாட்டான்.

விசாகா கையை உருவிக்கொள்ளவில்லை. மாறாக, மற்றொரு கையையும் எடுத்து அத்தையின் கை மேல் வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"பரவால்ல அத்தை. எனக்குக் கோவமே இல்ல. வண்டி பழுதாகி நின்னுச்சுன்னு சொல்லாம இருந்திருக்கலாம், அவ்ளோதான்" என்றாள். "உனக்கும் வேல வேணும்ல."